கல்வெட்டும் சாவிக்கொத்தும்

1

தகவல் அறியும் உரிமை பற்றித் தமிழில் பேச வருகிறவர்கள் உத்திரமேரூரைத் தொடாமல் பேச்சை முடிப்பதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கணக்குக் காட்டாதவனை ஊர் வாரியத்துக்கு வர விடாத ஊர் அது. சட்டத்தைக் கல்லில் வெட்டிப் பகிரங்கமாக வைத்த சமூகம் நம்முடையது. ஆகவே இன்றைய சட்டங்கள் நமக்குப் புதிதல்ல என்று அந்தப் பேச்சு போகும். கைதட்டலும் கிடைக்கும். பழம்பெருமைப் பேச்சு எல்லாவற்றிலும் போலவே இதிலும் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைத்தான் யாரும் கேட்பதில்லை: அந்தக் கல்லை யார் படித்தார்கள்? அதன் அருகில் போக யாருக்கு அனுமதி இருந்தது?

எழுதி வைப்பது ஒரு காரியம். கேட்டு வந்தவனுக்கு எடுத்துக் கொடுப்பது வேறொரு காரியம். முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவதும் நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது நம் நெடுநாள் பழக்கம். இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஆள் நிற்கிறான். ஒரு காலத்தில் அவன் சுவடி அறையின் சாவியை வைத்திருந்தவன். இன்னொரு காலத்தில் கோயில் கணக்கன். பிறகு ஆவணக் காப்பாளர், நூலகர். இப்போது பொதுத் தகவல் அலுவலர். பெயர் மாறியிருக்கிறதே தவிர நிற்கும் இடம் ஒன்றுதான். நமக்கு அரசர்களின் சரித்திரம் இருக்கிறது. புலவர்களின் சரித்திரம் இருக்கிறது. ஏடு தேடி அலைந்தவர்களின் சரித்திரமும் இருக்கிறது. ஏட்டை வைத்திருந்தவர்கள், கொடுத்தவர்கள், கொடுக்க மறுத்தவர்கள் ஆகியோரின் சரித்திரம் எழுதப்படவில்லை. நூலகத் தொழிலின் ஒழுக்கம் என்று ஒன்று உண்டானால் அது அந்தச் சரித்திரத்திலிருந்துதான் உருவாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காஞ்சிபுரத்தை மையமாக வைத்து அதன் சில பகுதிகளைப் பார்க்கலாம். எழுத்தைச் சுவரில் நிரப்பிய ஊர் அது. கோயில் கணக்கில் நெசவாளிக்குப் பங்கிருந்த ஊர். இந்த நூற்றாண்டில் பூட்டுக்குத் தப்பிய ஒரு பெரிய நூலகம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவர் பிறந்ததும் அங்கேதான்.

2

காஞ்சி கைலாசநாதர் கோயிலின் பிராகாரத்தைச் சுற்றிச் சிறு சிறு சன்னிதிகள். அவற்றின் மேல் ராஜசிம்ம பல்லவனின் விருதுப் பெயர்கள் இருநூறுக்கும் அதிகமாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே பெயர் வேறு வேறு எழுத்து முறைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. படிக்கிறவனுக்கு ஏதேனும் தெரிவிக்கும் நோக்கம் இதில் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை. அரசன் தன் பெயரைத் தானே உச்சரித்துக்கொள்கிறான்; கல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதே கோயிலில் ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் செல்வத்தைப் பார்த்து, அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பித் தந்ததைச் சொல்லும் கல்வெட்டு. தோற்றவனின் கோயிலில் வென்றவன் தன் பெருந்தன்மையைத் தன் மொழியிலேயே எழுதிவிட்டுப் போகிறான். ஊர் மக்களில் எத்தனை பேர் கன்னடம் படித்திருப்பார்கள் என்பது அவன் கவலை அல்ல.

வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர் இன்னும் சுவாரஸ்யமானது. பல்லவர் வம்சத்தின் கதை முழுவதும் அங்கே சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றின் கீழே விளக்கக் குறிப்புகள். வாரிசு இல்லாமல் போன சிம்மாசனத்துக்குக் கிளை வம்சத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அழைத்து வரப்படுகிறான். கடிகையாரும் மற்றவர்களும் சேர்ந்து அவனை அரசனாக்குகிறார்கள். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். கோயிலைக் கட்டியவனும் அவனே. டாக்டர் சி. மீனாட்சி இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் படித்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1941-ல் வெளியிட்டது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அவருடைய உழைப்பினால்தான் இந்தச் சுவரை நாம் இன்று தொடர்ச்சியாகப் படிக்க முடிகிறது. படித்த பிறகு ஒன்று தெளிவாகிறது. தன் பட்ட உரிமையைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று விரும்பிய ஓர் அரசன் எழுப்பிய சுவர் இது. அதிகாரம் எதைப் படிக்கச் சொன்னதோ அது சுவரில் இருக்கிறது. படிக்க வேண்டாம் என்று நினைத்தது சுவரில் இல்லை.

இதற்கு மாறான ஒரு சாசனமும் காஞ்சியைப் பற்றியே கிடைத்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு. சென்னை அருங்காட்சியகச் செப்பேடு என்றே ஆய்வாளர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகம் பற்றியது அது. கோயில் காரியத்தைப் பார்க்கும் பொறுப்பு நகரத்தின் நெசவுச் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகளுக்குத் தரப்படுகிறது. கணக்கு எழுதுவதற்கும், அந்தக் கணக்கை நகரத்தார் பார்ப்பதற்கும் ஏற்பாடு சொல்லப்படுகிறது. அரசனின் விருதுப் பெயர்களைவிட எனக்கு இந்த வறண்ட நிர்வாகக் குறிப்பு முக்கியமாகப் படுகிறது. தறியில் உட்கார்ந்த கை கோயில் வரவு செலவைத் தொடுகிறது. கணக்கை வைத்திருப்பவன் ஒருவன், அதைப் பார்க்கும் உரிமை உள்ளவர்கள் வேறு சிலர் என்ற பிரிவு இங்கே ஸ்தாபனமாகிறது. சுவரில் எழுதிய பெருமையில் இல்லாத ஒன்று இது.

உத்திரமேரூருக்கு வருவோம். பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள். வாரியத்துக்குக் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவனின் தகுதிகளை அவை அடுக்குகின்றன. இறை செலுத்தும் கால் வேலிக்கு அதிகமான நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, இன்ன வயது. தகுதியின்மைகளும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவனுடைய உறவினர்கள் யார் யார் என்று பட்டியலிட்டு அவர்களும் வரக்கூடாது என்கிறது கல்வெட்டு. கணக்கை மறைத்தவனின் உறவையும் சேர்த்துத் தண்டிக்கும் கடுமை இன்றைய சட்டம் எதிலும் இல்லை. இதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கு யாருக்குக் காட்டப்பட்டது? சபைக்கு. சபை யார்? நிலமும் வேதமும் உள்ள பிராமணர்கள். அந்த நிலத்தை உழுதவன் கேட்டிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை கோயில் சுவர்களில் இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்தது 1947-ல். அதுவரை இந்த மண்ணில் வாழ்ந்த மக்களில் ஒரு பெரும் பகுதியினர் அந்தச் சுவர்களுக்கு அருகே போக முடியாது. தம் நிலம் யாருக்குத் தானமாகப் போயிற்று, தம் உழைப்பு எந்தக் கணக்கில் வரவாயிற்று என்பதெல்லாம் எழுதியிருந்த கல் கோபுரத்துக்கு உள்ளே இருந்தது. அவர்கள் வெளியே இருந்தார்கள். பகிரங்கம் என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாகப் பயன்படுத்திவிடுகிறோம்!

உள்ளே போக முடிந்தவர்களுக்கும் ஒரு கட்டத்தில் அந்த எழுத்து மறந்துபோயிற்று. 1886-ல் அரசாங்கக் கல்வெட்டாய்வாளராக ஹுல்ட்ஷ் நியமிக்கப்பட்டார். கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890-ல் அச்சாயின. அது பெரிய திறப்பு. ஆனால் கல்லிலிருந்து எடுத்த மைப்படிகள் காகிதச் சுருள்களாகி அலுவலக அலமாரிகளில் சேர்ந்தன. அலுவலகம் ஊட்டியில் இருந்தது. 1966-ல் மைசூருக்குப் போயிற்று. தமிழ்க் கல்வெட்டுகளின் பல்லாயிரம் படிகள் அங்கே இருந்தன. அச்சுக்கு வந்தவை போக மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் மைசூருக்குப் போக வேண்டும். அவற்றைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கோயிலுக்குள் இருந்த கல், படியாகி, வேறொரு பூட்டுக்குள் போன கதை இது. இந்தப் பூட்டைப் போட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. காப்பாற்றத்தான் பூட்டினார்கள்.

3

காப்பாற்றுவதற்காகப் பூட்டுவது பற்றி நம்மிடம் ஒரு பழங்கதை இருக்கிறது. திருமுறை கண்ட கதை. மூவர் தேவாரம் சிதம்பரத்தில் ஓர் அறையில் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. சோழ அரசனும் நம்பியாண்டார் நம்பியும் போய்க் கேட்கிறார்கள். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறார்கள் தில்லை அந்தணர்கள். இறந்து சில நூற்றாண்டுகள் ஆனவர்கள் எப்படி வருவார்கள்? அரசன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. செல்லரித்தது போக மிஞ்சியதுதான் நம் கைக்கு வந்த தேவாரம்.

இது உமாபதி சிவாச்சாரியாரின் பெயரில் வழங்கும் புராணம் சொல்வது. சரித்திர நிகழ்ச்சி என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சரித்திரம் சொல்லத் தயங்கும் ஒன்றைப் புராணம் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. மூன்று விஷயங்களை இதிலிருந்து எடுக்கலாம்.

பூட்டி வைப்பது காப்பதாகாது என்பது முதலாவது. கதவு உறுதியாகத்தான் இருந்தது. செல் கதவு வழியாக வரவில்லை. கொடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை என்பது இரண்டாவது. நிறைவேற்ற முடியாத ஒரு நிபந்தனையை மரியாதையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். மறுப்பின் மிகப் பழைய வடிவமும் மிக நவீனமான வடிவமும் இதுவே. உரிய அதிகாரியின் கடிதம் கொண்டு வா, ஆய்வாளன் என்று சான்று காட்டு, என்ன காரணத்துக்காக வேண்டும் என்று எழுதிக் கொடு, உரியவர் விடுப்பில் இருக்கிறார். மூவரையும் அழைத்து வா என்பதன் வேறு வேறு வாசகங்கள் இவை. மூன்றாவது, கதவு திறந்தது வாசகனின் உரிமையினால் அல்ல, அரசனின் பலத்தினால். படை பரிவாரம் எதுவும் இல்லாமல், பாட்டைக் கேட்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சாதாரண ஆள் அந்த வாசலுக்கு வந்திருந்தால்? அவனைப் பற்றிப் புராணம் எழுதப்படவில்லை.

சுவடிகள் இருந்த இடத்துக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் சரஸ்வதி பண்டாரம். அழகான பெயர்தான். ஆனால் பண்டாரம் என்றால் பொக்கிஷ அறை. பொன்னை வைத்த மனத்தோடுதான் ஏட்டையும் வைத்தார்கள் என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுக்கிறது. பொன் செலவழிந்தால் குறையும். ஏடு படித்தால் குறையாது. இந்த வேற்றுமையை ஒரு தொழிலின் அடிப்படையாக மாற்றுவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

4

மாற்றியவர் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே, சீர்காழியில், 1892-ல் பிறந்தார். எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். இங்கிலாந்து போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்துவிட்டு 1925-ல் திரும்பினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931-ல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. நூல் என்பது எடுத்துப் பயன்படுத்துவதற்கு, பூட்டி வைப்பதற்கு அல்ல என்பது முதல் விதியின் சாரம். எவ்வளவு எளிமையாகத் தெரிகிறது! ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்த காலத்தைப் பற்றி அவர் அந்த இடத்தில் பேசுகிறார். நம் வாசகனுக்குச் சிதம்பரத்து அறையே போதும்.

ரங்கநாதனை நம்மவர்கள் எண்களின் மனிதராக, கோலன் பகுப்பு முறையைக் கண்டுபிடித்தவராக மட்டும் அறிந்து வைத்திருக்கிறார்கள். அவர் பல்கலைக்கழக நூலகத்தில் அலமாரிகளைத் திறந்துவிட்டு வாசகனை நேரே புத்தகங்களுக்கு நடுவில் அனுப்பினார் என்பது அதைவிடப் பெரிய காரியமாக எனக்குப் படுகிறது. சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் காத்து நிற்கும் வாசகன், தனக்கு ஏற்கெனவே தெரிந்த நூலைத்தான் கேட்க முடியும். தெரியாததைக் கண்டுபிடிக்க அவன் உள்ளே போக வேண்டும். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். பண்டாரம் சக்கரம் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தது.

சட்டம் 1948-ல் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். மாவட்டந்தோறும் நூலக ஆணைக் குழு. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் ஒற்றைத் தறியை வைத்துப் பிழைக்கும் நெசவாளி, சொந்தக் கூரை இருந்தால், வீட்டு வரியோடு நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறான். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தர்மத்தால் நடப்பதல்ல பொது நூலகம். அங்கே நுழைகிறவன் யாசகனாக வரவில்லை. உத்தம சோழன் காலத்துப் பட்டசாலிக்குக் கோயில் கணக்கில் இருந்த இடம், இந்தச் சட்டத்துக்குப் பிறகு வரி கட்டும் ஒவ்வொருவனுக்கும் நூலகக் கணக்கில் கிடைத்திருக்க வேண்டும்.

கிடைத்ததா? சட்டம் ஸ்தாபனத்தைத் தந்தது, மனப்பான்மையைத் தரவில்லை. ரங்கநாதனின் முதல் விதியை நூலகருக்குப் பாடமாக வைத்த அதே அமைப்பு, இருப்புச் சரிபார்ப்பில் குறைந்த புத்தகத்துக்கு அவரையே பொறுப்பாக்கியது. காணாமல் போன புத்தகத்தின் விலையைச் சம்பளத்திலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும் மனிதன் அலமாரியைத் திறந்து வைப்பானா? விலை உயர்ந்த நூல்கள் கண்ணாடிக் கதவுக்குள் போயின. அந்தக் கதவின் சாவி மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. நூலகரை நான் குறை சொல்லவில்லை. ஒழுக்கம் என்பது தனி மனிதனின் நல்ல குணம் மட்டும் அல்ல. நல்லது செய்தால் நஷ்டம் வராது என்ற உத்தரவாதமும் அதற்கு வேண்டும். பூட்டுகிறவனுக்குப் பாதுகாப்பும் திறக்கிறவனுக்குத் தண்டனையும் தரும் ஒரு ஏற்பாட்டில் எந்தத் தொழில் தர்மமும் பாடப் புத்தகத்தைத் தாண்டி வராது.

வாங்கும் விஷயம் இன்னொன்று. தமிழ்ப் பதிப்புத் தொழில் நூலக ஆணையை நம்பியே நெடுங்காலம் நடந்து வந்தது என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை, தேர்வுக் குழு, பட்டியல். எந்த நூல் எதனால் சேர்ந்தது, எது எதனால் விடுபட்டது என்பதற்குக் காரணம் சொல்லும் வழக்கம் இருந்ததில்லை. நூலகத்துக்காகவே அச்சான புத்தகங்கள் நூலகத்திலேயே தூங்கின. நல்ல கவிதைத் தொகுப்பு ஒன்றைத் தடை செய்ய அரசாங்க உத்தரவு எதுவும் தேவையில்லை. வாங்காமல் இருந்தால் போதும்.

பூட்டைவிடக் கொடியது நெருப்பு. ரங்கநாதனின் ஆலோசனையையும் பெற்று எழுந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1959-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டிடம் 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த நெருப்புக்காக நாம் இன்றும் அழுகிறோம்; அழ வேண்டியதுதான். ஆனால் நம் ஊரில் செல் அரித்ததற்கும் ஈரத்தில் ஒட்டிப்போனதற்கும் யாரும் அழுவதில்லை. எதிரி எரித்தால் அது சரித்திரம் ஆகிறது. நாமே பூட்டி வைத்து அழித்தால் அது நிர்வாகம் ஆகிவிடுகிறது.

5

காஞ்சிபுரத்தில் 1909-ல் பிறந்த அண்ணாதுரை, படிப்பு தடைப்பட்ட காலத்தில் சில மாதங்கள் அதே ஊர் நகராட்சியில் எழுத்தராக இருந்தவர். பிறகு சென்னையில் கன்னிமாரா நூலகத்தின் பெரிய வாசகர் என்று பெயர் எடுத்தவர். கன்னிமாரா இருக்கும் வளாகத்திலேயேதான் அருங்காட்சியகமும் இருக்கிறது. பட்டசாலிகளின் செப்பேடு அதன் பெயரால்தான் வழங்குகிறது. 1942-ல் அவர் காஞ்சியிலிருந்து திராவிட நாடு இதழைத் தொடங்கினார். ஆரிய மாயை எழுதியதற்காக 1950-ல் தண்டிக்கப்பட்டு, அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். அவருடைய அரசியலோடும் நடையோடும் எனக்குள்ள பிணக்குகள் இங்கே பேச்சல்ல. இங்கே கேட்க வேண்டியது வேறு: ஒரு நூலை அரசாங்கம் தடை செய்யும்போது அந்த நூலை அலமாரியில் வைத்திருக்கும் நூலகர் என்ன செய்ய வேண்டும்?

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எடுத்து வைக்கலாம். வேறு வழி இல்லாமல் இருக்கலாம். ஆனால் எடுத்து வைத்ததைப் பதிவு செய்யலாம். இந்த நூல் இங்கே இருந்தது, இந்தத் தேதியில் இந்த உத்தரவின்படி நீக்கப்பட்டது என்று அட்டவணையில் எழுதி வைக்கலாம். நூலை இழந்த அட்டவணை அதன் பெயரையும் இழக்க வேண்டிய அவசியம் இல்லை. தடை நீங்கும் நாளில் எதைத் தேட வேண்டும் என்பதாவது தெரியும். தொழில் தர்மம் வீரத்தைக் கேட்பதில்லை. பல சமயம் ஒரு வரி எழுதுவதை மட்டுமே கேட்கிறது.

அண்ணாவின் நூற்றாண்டு நினைவாகச் சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15-ல் திறக்கப்பட்டது ஒரு பெரிய நூலகம். ஆட்சி மாறியது. 2011 நவம்பரில் அந்தக் கட்டிடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. பொதுநல வழக்குகள் தொடரப்பட்டன, உயர்நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் தப்பியது. வாசகர்களும் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் பேசினார்கள். நூலகர்களின் குரல் கேட்கவில்லை. கேட்டிருக்க முடியாது. அரசு ஊழியருக்கான நடத்தை விதிகள் அரசின் முடிவை வெளிப்படையாக விமர்சிக்க அனுமதிப்பதில்லை. நூலைப் பூட்டிய சாவியைப் போல நூலகரின் வாய்க்கும் ஒரு சாவி இருக்கிறது. அது அவரிடம் இல்லை. ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர், தன் தொழிலின் பெயரால் மறுத்துப் பேசக்கூடிய இடம் நூலகருக்கு இங்கே உருவாகவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே தன் தொழிலுக்கு ஒரு நெறிமுறையை எழுதிக்கொண்டது. வாசகன் எதைப் படிக்கிறான் என்பது நூலகருக்கும் அவனுக்கும் இடையிலான ரகசியம் என்ற கொள்கை அந்த வழியில் வளர்ந்தது. நம்மிடம் வருகைப் பதிவேடு உண்டு; இருப்புப் பதிவேடு உண்டு.

6

1923-ன் அரசாங்க ரகசியச் சட்டத்தை வெள்ளையன் விட்டுச் சென்றான். நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் ராஜ் நாராயண் வழக்கில் 1975-ல் சொன்னது. தொண்ணூறுகளில் ராஜஸ்தான் கிராமத்துக் கூலிகள் தங்கள் பெயரில் எழுதப்பட்ட வருகைப் பட்டியலைக் காட்டு என்று கேட்டுப் பஞ்சாயத்து வாசலில் உட்கார்ந்த பிறகுதான் அந்த உரிமை உடம்பு பெற்றது. இந்திய மாநிலங்களில் முதன்முதலாகத் தமிழ்நாடு 1997-ல் சட்டம் செய்தது. விதிவிலக்குகள் மலிந்த சட்டம். நாடு முழுவதற்குமான சட்டம் 2005-ல் வந்தது.

அந்த 2005 சட்டத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு இடங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு அலுவலகமும் தன் ஆவணங்களை அட்டவணைப்படுத்தி, எளிதில் எடுக்கும்படி வைக்க வேண்டும் என்கிறது நான்காம் பிரிவு. இது நூலகனின் வேலை. ரங்கநாதன் வாழ்நாள் முழுவதும் சொன்ன வேலை. எங்கே இருக்கிறது என்று தெரியாத தகவலை எந்தச் சட்டத்தாலும் தர முடியாது. இரண்டாவது, ஆறாம் பிரிவு. தகவல் கேட்கிறவன் அது எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சிதம்பரத்து நிபந்தனையைச் சட்டப்படி நீக்கிய வாசகம் இது. மூவரையும் அழைத்து வர வேண்டாம். நீ வந்தால் போதும்.

ஆனால் காஞ்சிக்குத் திரும்பினால் ஒரு முரண் நிற்கிறது. பட்டு நெசவாளிகளில் பெரும் பகுதியினர் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர்கள். கூட்டுறவுச் சங்கங்கள், அரசின் நிதியால் கணிசமாக நடத்தப்படாதவரை, இந்தச் சட்டம் குறிக்கும் பொது அதிகார அமைப்புகள் அல்ல என்று கேரளத்துத் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலைப் பதிவாளர் வழியாகக் கேட்கலாம். உறுப்பினன் என்ற முறையில் உள்ள உரிமை வேறு. ஆனால் நேராகப் போய், பத்து ரூபாய் கட்டி, என் சங்கத்தின் கணக்கைக் காட்டு என்று குடிமகனாகக் கேட்கும் வழி பெரும்பாலும் அவனுக்கு அடைபட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே ஊரின் தறிக்காரனுக்குக் கோயில் கணக்கில் இருந்த இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பழம்பெருமை பேசுகிறவர்கள் பேச வேண்டிய இடம் உத்திரமேரூர் அல்ல, இதுதான்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். தகவல் உரிமை என்றால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுவது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நூலகத்தில் இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. ஒன்று நூலகம் என்ன வாங்கியது, எவ்வளவு செலவழித்தது என்பது. மற்றது யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்பது. முதலாவதைத் தெருவில் போகிறவன் கேட்டாலும் காட்ட வேண்டும். இரண்டாவதைக் காவல் அதிகாரி வந்து கேட்டாலும் சட்டப்படியான உத்தரவு இல்லாமல் காட்டக்கூடாது. ஸ்தாபனம் கண்ணாடியாக இருக்க வேண்டும். வாசகன் நிழலில் இருக்க வேண்டும். நூலகத் தொழிலின் ஒழுக்கம் முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டுக்குள் அடக்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

நடப்பு இதைத் தலைகீழாக்கும் திசையில் போகிறது. தனிநபர் தகவல் பற்றிய விலக்கில், பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்றிருந்த வாசகத்தை 2023-ன் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. பொதுநலனுக்கு இடம் தரும் வேறொரு உட்பிரிவு மிஞ்சியிருக்கிறது. ஆனால் மறுக்க விரும்பும் அதிகாரி அதைத் தேடிப் போக மாட்டார். குடிமகனின் அந்தரங்கத்தைக் காக்கும் பெயரில் அலுவலரின் கோப்பு மூடிக்கொள்கிறது. குடிமகன் என்ன படிக்கிறான் என்பதோ கணினியில் பதிவாகிக்கொண்டே போகிறது.

பெரிய சட்டங்கள் வரட்டும் போகட்டும். ஒரு கிளை நூலகத்தில் செய்யக்கூடியவை சிறியவை. இந்த ஆண்டு வாங்கிய நூல்களின் பட்டியலையும் அதற்கான செலவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவரின் பெயரை அடித்துவிடுவது. நீக்கிய நூலின் பெயரை அட்டவணையில் விட்டுவைப்பது. கேட்டு வந்தவனிடம் எதற்கு என்று கேட்காமல் இருப்பது. இவற்றில் ஒன்றுகூடக் கல்லில் வெட்டும் அளவுக்குப் பெருமை உடையதல்ல. கல்லில் வெட்டியவை பலவற்றைவிட இவை வாசகனுக்கு நெருக்கமானவை.